கீழ்வீட்டு அக்காவின் பீஸ் லில்லி

மே 20-ஆம் தேதி, இரவு ஒன்பது மணி இருக்கும். பெங்களூரிலிருந்து கீழ்வீட்டு அக்கா போன் செய்தார். மகளுக்கு இரண்டாவது பிரசவம்; பேத்தி பிறந்து பதினெட்டு நாள். குழந்தை ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறது, பகலில் தூங்குகிறது, மகளுக்குப் பத்தியச் சாப்பாடு இறங்கவே இல்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார். "அப்புறம் தம்பி, செடி எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுக்கா" என்றேன்.

சொல்லும்போது செடி என் எதிரில்தான் இருந்தது. அவர் விட்டுப்போகும்போது பதினாறு இலைகள். அவற்றில் பதினொன்று தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தன. அடி இலைகள் நாலைந்து மஞ்சள். மிச்சமிருந்தவற்றின் நுனி, நெருப்பில் காட்டி எடுத்தது போலப் பழுப்பேறிக் கருகியிருந்தது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறவரிடம் சொன்ன அந்தப் பொய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நான் அந்தச் செடியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் இவ்வளவு மனசு உறுத்தியிருக்காது. மறந்துபோனேன், காய்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். நான் ஒரு நாள்கூட மறக்கவில்லை. காலையில் பல் விளக்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தேன். நான் கவனித்த கவனிப்பில்தான் அது செத்துக்கொண்டிருந்தது. இதை எனக்கே விளங்க வைத்துக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நம் ஊர் வெயிலில் வீட்டுக்குள் செடி வைத்திருக்கும் எத்தனையோ பேர் இப்போது இதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

கத்திரியில் ஒரு சொம்பு

போன பொங்கலுக்கு வந்த மகள் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த செடி அது. வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதற்குள் நர்சரியின் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அப்படியே. ஏப்ரல் மூன்றாவது வாரம் ஊருக்குக் கிளம்பும்போது, "வாரத்துக்கு ரெண்டு வாட்டி ஒரு சொம்பு ஊத்து, போதும்" என்று சொல்லி, மாடி ஏறிவந்து எங்கள் ஹாலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் அவரே வைத்துவிட்டுப் போனார். முதல் பத்து நாள் அப்படித்தான் ஊற்றினேன். செடியும் நன்றாகத்தான் இருந்தது.

மே 4, கத்திரி ஆரம்பம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்பாடியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு அறவே வேண்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பார்க்கிறேன், அத்தனை இலையும் தலை கவிழ்ந்து கிடக்கிறது. மண்ணைத் தொட்டேன். புழுதி. ஓரமெல்லாம் பிளாஸ்டிக்கை விட்டு விலகி வெடித்திருந்தது. ஐயோ பாவம் என்று ஒரு சொம்பு ஊற்றினேன். ஏழு மணிக்கு இலையெல்லாம் நிமிர்ந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான் தடம் மாறிய இடம் அதுதான். மதியம் 42 டிகிரி வெக்கையில் இலை இழக்கும் ஈரத்துக்கு ஈடாக இந்தச் செடியின் வேரால் உறிஞ்சித் தர முடியாது. அதனால் இலை தொங்குகிறது. பொழுது சாய்ந்து சூடு இறங்கினால் அது தானாகவே நிமிரும், நான் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும். மாலை நேரம் செய்த வேலைக்கு என் சொம்பு பெயர் வாங்கிக்கொண்டது. மறுநாளும் மதியம் தொங்கியது, ஊற்றினேன், மாலையில் நிமிர்ந்தது. இப்படியே தினமும். மூன்று முறை நடந்துவிட்டால் மனசு அதை மருந்து என்றே நம்பிவிடும்.

பத்தாம் தேதி வாக்கில் மாலையிலும் சரியாக நிமிரவில்லை. மருந்து போதவில்லை என்று நினைத்து, காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்து ஊற்ற ஆரம்பித்தேன். அதற்குள் நுனி கருகல் வேறு. அக்கா வீட்டில் இருந்தபோதே அது லேசாக இருந்ததுதான், ஆனால் இப்போது கண்ணுக்குத் தெரிய உள்ளே ஏறிக்கொண்டு வந்தது. அம்மா, "வெக்கை ஒத்துக்கல, பாத்ரூம்ல வெச்சுப்பாரு" என்றாள். நான் செடியைப் போட்டோ எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்து நர்சரி ஒன்றுக்குப் போய்க் காட்டினேன். "சத்து இல்ல சார்" என்று 19:19:19 என்று போட்ட உரப் பாக்கெட் ஒன்று கொடுத்தார்கள். லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து ஊற்றினேன். சித்தப்பா மகன் இலைக்குப் பின்னால் பூச்சி இருக்கும் என்றான். இல்லவே இல்லை, நான் தேடிப் பார்த்தேன். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வேப்பெண்ணெய் அடித்தேன். அதுவும் காலை பதினோரு மணிக்கு. எண்ணெய் பட்ட இலைகளில் மறுநாள் புள்ளி புள்ளியாய்க் காய்ச்சல்.

இவர்கள் யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. எல்லோரும் இலையைப் பார்த்துச் சொன்னார்கள். நான் காட்டியதும் இலையைத்தான்.

பழைய பேப்பரில் கவிழ்த்தபோது

போனை வைத்த அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினோரு மணிக்கு எழுந்து சமையலறைத் தரையில் நாலு தினத்தாளை விரித்துப் போட்டுச் செடியைத் தூக்கினேன். தூக்கும்போதே கை ஒரு விஷயத்தைச் சொன்னது. கனம். மேலே புழுதியாகக் காய்ந்து வெடித்த தொட்டி அந்தக் கனம் கனக்கக் கூடாது. உள்தொட்டியைப் பீங்கானிலிருந்து உருவி எடுத்தேன். பீங்கானின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றது. கறுத்து, மேலே மெல்லிய ஏடு படர்ந்து. பீங்கானில் ஓட்டையே இல்லை. ஒரு மாதமாக நான் ஊற்றியதில் கீழே இறங்கியதெல்லாம் அங்கேதான் தங்கியிருக்கிறது. உள்தொட்டியின் அடிப்பாகம் அதில் ஊறிக்கொண்டு நின்றிருக்கிறது.

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் அப்படியே கட்டியாக விழுந்தது. வாடை முதலில் வந்தது, மழைக்குப் பிறகு அடைத்துக்கொண்ட சாக்கடையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. மேலே ஒரு அங்குலம் செம்மண் பாறை மாதிரி காய்ந்திருந்தது. அதற்குக் கீழே சேறு. நடுவில், சரியாகச் செடியின் கழுத்துக்கு அடியில், டீ டம்ளர் அளவுக்கு ஓர் உருண்டை. அது மண்ணே இல்லை, தேங்காய் நார்த்தூள். இந்தச் செடிகள் பசுமைக்குடில்களில் சின்னக் குழித்தட்டில் நார்த்தூளில் வளர்க்கப்படுகின்றன. அங்கிருந்து வந்ததும் சுற்றிலும் செம்மண்ணை அடைத்துத் தொட்டியாக்கி விற்றுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் நார் உருண்டை பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே களி கலந்த செம்மண் இறுகிக்கொண்டு காற்றை உள்ளே விடுவதில்லை. மேலே விரலை வைத்துப் பார்ப்பவனுக்கு வறட்சி. செடியின் வேருக்கோ வெள்ளம்.

அந்த உருண்டையை விரலால் பிளந்தேன். பீஸ் லில்லியின் நல்ல வேர் தந்தம் போல வெளுத்து, நிமிண்டினால் விறைப்பாக இருக்க வேண்டும். இவை பழுப்பு. ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்ததும் வெளித்தோல் உறை மாதிரி கழன்று விரலோடு வந்துவிட்டது; உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் செடியில் தொங்கியது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் அப்படியே. பத்தில் ஏழு வேர் அந்த நிலையில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. செடிக்குத் தாகம் இருந்தது உண்மைதான். ஆனால் குடிக்க வாய் இல்லை. வேர் அழுகினாலும் இலை வாடும், வேர் காய்ந்தாலும் இலை வாடும். மேலே பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெயில் காலத்தில் அதிகத் தண்ணீர் ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும், அதனால் ஆபத்தில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நிலைமை நேர்மாறானது. வேரும் மூச்சு விடுகிறது. சூடு ஏற ஏற அதற்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். தண்ணீரோ சூடாகச் சூடாகக் குறைந்த ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 35 டிகிரியில் சுமார் 7 தான். தேவை கூடும் நேரத்தில் வரத்து குறைகிறது. அந்த மூச்சுத் திணறலில்தான் அழுகல் பூஞ்சைகள் உள்ளே நுழைகின்றன. மார்கழியில் தாங்கியிருக்கக்கூடிய ஈரத்தைக் கத்திரியில் ஒரு செடி தாங்காது.

பீஸ் லில்லி மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் மழைக்காட்டு மர நிழலில் வளரும் செடி. நம் சேம்பு, சேனைக்கு ஒரே குடும்பம்; மணி பிளான்ட்டும் அதே குடும்பம்தான். இதைச் சொன்னதும் அம்மா, "சேப்பங்கிழங்கு வாய்க்கா ஓரமா தண்ணியிலதானடா நிக்குது, அது இன்னா அழுகியா போச்சி?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சேம்பின் தண்டிலும் வேரிலும் காற்று இறங்கிப் போக வழி இருக்கிறது, அதனால் அது நிற்கும். பீஸ் லில்லியையே கண்ணாடி ஜாடித் தண்ணீரில் வளர்ப்பவர்களும் உண்டு. அங்கே வேர் தண்ணீருக்கென்றே புதிதாக முளைத்துப் பழகியிருக்கும், தண்ணீரையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். இறுகிய சேற்றில் மாட்டிக்கொண்ட வேருக்கு அந்த இரண்டும் இல்லை. காட்டில் அது நிற்பது உதிர்ந்த இலை மக்கிய பொலபொலப்பில், தினம் மழை பெய்தாலும் உடனே வடிந்து காற்றும் கூடவே நுழைகிற இடத்தில்.

அன்று இரவே செய்துவிட்டேன். வேரைக் குழாயடியில் கழுவி, நார் உருண்டையை முழுக்க உதிர்த்து, கத்திரிக்கோலைச் சானிடைசரால் துடைத்துவிட்டு, பழுப்பான அத்தனை வேரையும் வெட்டினேன். கை நடுங்கியது. மிஞ்சியவை ஏழெட்டு வேர்கள்தான். அவற்றால் பதினாறு இலைக்குத் தண்ணீர் தர முடியாது. மஞ்சளையும் தொங்கியதையும் எடுத்து, ஐந்து இலையோடு நிறுத்தினேன். இந்த இடத்தில் மனசு வராமல் எல்லா இலையையும் விட்டுவைப்பவர்கள்தான் அதிகம். விடாதீர்கள், அந்த இலைகள் எப்படியும் போய்விடும், போகும்போது இருக்கிற வேரையும் வற்றவைத்துவிட்டுப் போகும். மறுநாள் காலை ஆறு அங்குல மண் தொட்டி ஒன்று வாங்கிவந்தேன், பழையது எட்டு அங்குலம். ஏழு வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் வேர் போகாத இடத்திலெல்லாம் ஈரம் தேங்கும். கோகோபீட் என்கிற அதே நார்த்தூள் இரண்டு பங்கு, உடைத்துச் சலித்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கோகோபீட்டிலேயே உப்பு இருக்கும் என்பதால் மூன்று தண்ணீர் அலசினேன். நட்டு, ஒரே ஒரு முறை அடியில் வடியும் வரை ஊற்றி, அம்மா முன்பே சொன்ன பாத்ரூம் ஜன்னல் திட்டில் வைத்தேன். வெயில் படாது, வெளிச்சம் உண்டு, குளிக்கும் ஈரம் காற்றில் இருக்கும். அவள் சொன்ன இடம் சரியானது. சொன்ன காரணம் மட்டும் வேறு.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் தண்ணீர் ஊற்றவில்லை. செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

ஆர்.ஓ. வாளி

வேர் விஷயம் புரிந்தது. நுனி ஏன் கருகியது என்பது புரியவில்லை. அழுகலால் மட்டும் அப்படி ஓரம் பிசிறில்லாமல், ஒரே அகலத்தில் கருகாது. தொட்டியைக் கழுவும்போது விடை கையில் ஒட்டியது. பிளாஸ்டிக் தொட்டியின் உள்விளிம்பு முழுக்க வெள்ளையாக ஒரு படை. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. கீசரில், வென்னீர் வைக்கும் பாத்திரத்தில், பாத்ரூம் குழாய் வாயில் படிகிற அதே வெள்ளை.

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் ஒரு பச்சை வாளியில் விழும். அந்தத் தண்ணீர்தான் எல்லாச் செடிக்கும். இது அம்மாவின் ஏற்பாடு. ஆம்பூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள், தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவள். ஒரு சொட்டுத் தண்ணீர் சாக்கடைக்குப் போனாலும் அவளுக்கு ஆகாது. நம் மாவட்டத்தில் முக்கால்வாசி வீட்டில் இதே வாளி இருக்கும். கீழ்வீட்டு அக்காவும் இதைத்தான் ஊற்றினார். நல்ல எண்ணத்தில் செய்வது என்பதாலேயே யாரும் இதைச் சந்தேகப்படுவதில்லை.

மெஷின் சர்வீஸுக்கு வந்த தம்பியிடம் டிடிஎஸ் பேனாவைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி அது. எங்கள் போர் தண்ணீர் 1,180. குடிக்க வருவது 60. பச்சை வாளியில் 1,560. யோசித்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்துவிட்டு, அதிலிருந்த உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரில் தள்ளுவதுதான் அந்த மெஷினின் வேலை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை 500-ஐ ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. அது மனிதனுக்கு. ஒரு தொட்டிச் செடிக்கு வேறு கணக்கு இருக்கிறது. 1,560 டிடிஎஸ் என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் கரைந்த உப்புகள். நான் நாளுக்கு அரை லிட்டர் ஊற்றினேன். ஒரு மாதம் அப்படி ஊற்றினால் 15 லிட்டர், 23 கிராம் உப்பு. நாலு டீஸ்பூன். அத்தனையும் ஓட்டையில்லாத பீங்கானுக்குள். தண்ணீர் மட்டும் இலை வழியே ஆவியாகிப் போகும், உப்பு எங்கே போகும்? வேரைச் சுற்றித் தங்கும், மேலே ஏறியது இலையின் கடைசி முனையில் போய்ச் சேரும். அதற்கு மேல் போக இடமில்லாத இடம் அந்த நுனிதான், அதனால் அங்கே கருகுகிறது. அதோடு நான் 19:19:19 வேறு கரைத்து ஊற்றியிருந்தேன். அதுவும் உப்புதானே.

அம்மாவிடம் சொன்னபோது முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனை வருஷமாக ஊற்றுகிறேன், கறிவேப்பிலை வளரவில்லையா என்றாள். கறிவேப்பிலை தரையில் இருக்கிறது, மழை வந்து வருஷா வருஷம் உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது; இது சட்டிக்குள் மாட்டிக்கொண்டது என்றேன். பதில் சொல்லாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க ஊர் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாது. மூணு விசில் வெச்சாலும் கல்லு கல்லா நிக்கும்" என்றாள். பாலாற்றங்கரைத் தண்ணீரைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் குறித்து 1996-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவளுக்கு அந்தக் கரைத் தண்ணீரைப் பருப்புப் பானையில் தெரியும். நாக்கில் வைத்தே எது எந்தக் கிணறு என்று சொல்லக்கூடியவளுக்கு, அந்த வாளியை ஏன் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று தோன்றியது. அவள் மறுத்தது அறிவை அல்ல. வீணாக்குவதை.

அதனால் கணக்கைக் காட்டினேன். அழுகும்படி ஊற்றியபோது மாதம் 15 லிட்டர். இப்போது இந்தச் செடி குடிப்பது வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு டம்ளருக்கும் குறைவாக. மாதம் ஒன்றரை லிட்டர். குடிக்கிற தண்ணீரிலிருந்தே அதைக் கொடுத்தாலும் மிச்சம்தான். பச்சை வாளி இப்போது தரை துடைக்கவும் கழிவறைக்கும் போகிறது. மிஞ்சியது கீழே தென்னைக்கு. தென்னை உப்பைத் தாங்கும்.

வேறு யோசனைகளும் வந்தன. தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்து ஊற்றச் சொல்வார்கள். குளோரின் வாடை போகும், உப்பு ஒரு கிராம்கூடப் போகாது. கொதிக்கவைத்து ஆறவைத்தால் கொஞ்சம் சுண்ணாம்பு கீழே படியும், மற்ற உப்பு இன்னும் அடர்த்தியாகும். குழாயில் மாட்டும் சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கும், அது செடிக்கு இன்னும் மோசம். காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து அளந்தேன், 320. பரவாயில்லை. மாதம் ஒரு முறை தொட்டியைக் குழாயடியில் வைத்து, தொட்டி கொள்கிற அளவைப்போல மூன்று நான்கு மடங்கு அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் சேர்ந்த உப்பு கரைந்து இறங்கிவிடுகிறது. இதற்கு அடியில் ஓட்டை வேண்டும். பீங்கான் தொட்டியில் அழகுக்கு வைக்க ஆசையிருந்தால் வையுங்கள், தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுத்து, வடிந்த பிறகு உள்ளே வையுங்கள்.

ஈர்க்குச்சி

இப்போது நான் மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பதில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, கழுவி, தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அம்மா கொழுக்கட்டை வெந்ததா என்று குத்திப் பார்ப்பது போல அதை அடி வரை இறக்கி, ஒரு நிமிஷம் விட்டு எடுக்கிறேன். ஈரமும் தூளும் ஒட்டி வந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. பிறகு தொட்டியைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு மாதம் தூக்கிப் பழகினால் குச்சி தேவைப்படாது, கனம் கைக்குத் தெரிந்துவிடும். மதியம் வாடியிருந்தால் தொடுவதே இல்லை. மறுநாள் விடியற்காலை பார்க்கிறேன். காலையிலும் வாடியிருந்து, தொட்டி லேசாக இருந்தால் தாகம். ஊற்றிய இரண்டு மூன்று மணி நேரத்தில் எழுந்துவிடும். காலையிலும் வாடியிருந்து, தொட்டி கனத்தால், காம்பு அடியில் கொழகொழவென்றிருந்தால், பேப்பரை விரிக்க வேண்டியதுதான்.

பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கத்திரியில் ஏசி அறையில் இருக்கும் செடிக்குச் சிவப்புச் சிலந்திப் பூச்சி வரக்கூடும். அதை ஊகத்தில் முடிவு செய்யாமல், இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளி நகர்ந்தால் சிலந்தி, நகராவிட்டால் தூசி. காம்பு இடுக்கில் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. இரண்டுக்கும் முதல் வைத்தியம் குழாய்த் தண்ணீரும் துணியும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். மண்ணிலிருந்து குட்டிக் கறுப்புக் கொசுக்கள் எழும்பினால் அது பூச்சி வியாதி இல்லை, தொட்டி காயவே இல்லை என்ற தகவல். எங்கள் ஹாலில் மே முதல் வாரத்திலிருந்தே அவை பறந்துகொண்டிருந்தன, நான் வாழைப்பழத்தைச் சந்தேகப்பட்டேன்.

அக்கா மகள் இதை வாங்கியதே காற்றைச் சுத்தம் செய்யும் என்றுதான். 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வில் பீஸ் லில்லி இருந்தது உண்மை. அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்தது. ஜன்னல் திறந்த சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று 2019-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. செடி அழகாக இருக்கிறது, வீட்டில் ஒரு உயிர் கூட இருக்கிறது; எனக்கு அது போதும். இன்னொன்றை மட்டும் அக்காவிடம் மறக்காமல் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். பச்சைச் சேம்பைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, அந்த ஊசி போன்ற படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. தவழும் குழந்தை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

ஜூலை இரண்டாவது வாரம் அக்கா வந்தார். பையை இறக்கி வைத்ததும் மாடிக்கு வந்துவிட்டார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், போனில் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் ஒன்றும் சொல்லாமல் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஐந்து பழைய இலை, நுனி கருகியதை நான் கத்திரித்துவிட்ட தழும்போடு. நடுவிலிருந்து இரண்டு புது இலை; ஒன்று விரிந்து பளபளவென்று, இன்னொன்று சுருட்டிய வெற்றிலை மாதிரி குத்திட்டு. "பதினாறு இருந்துச்சி இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். விரிந்த இலையின் நுனியை இரண்டு விரலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "என்கிட்ட இருக்கும்போதே இது கருகும் தம்பி. நான் ஏதோ கண்ணு பட்டுச்சின்னு நெனச்சேன்."

உடனே எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். இன்னும் ஒரு மாதம் இங்கேயே இருக்கட்டும் என்றார். அன்று சாயங்காலம் ஏலகிரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மழை கொட்டியது. மொட்டை மாடியில் ஏதோ சத்தம் கேட்டு ஏறிப் போனேன். அம்மாவும் அக்காவும் முக்காடு போட்டுக்கொண்டு குண்டான், அண்டா, பழைய இட்லிப்பானை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே விழும் முதல் தண்ணீரில் தூசி இருக்கும், கொட்டிவிடுங்கள் என்று கத்தினேன். "அது எங்களுக்குத் தெரியும்டா, நீ போய் அந்தப் பச்ச வாளியக் கழுவி எடுத்தா" என்றாள் அம்மா.